முப்பிடாதி செய்த அலமாரி

அநியாயம் நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. பாதிக்கப்பட்டவள் முப்பிடாதி; வயது இருபத்திரண்டு, முதுகலை சமூகவியல், இரண்டாம் ஆண்டு. குற்றம் புரிந்தவர் வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பா சுப்பையாதான். ஆவணி, புரட்டாசி என்று இரண்டு மாதம், வகுப்பில்லாத நேரமெல்லாம் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, அவள் தன் கையால் அறுத்து, இழைத்து, பூட்டி நிறுத்திய ஐந்து தட்டுப் புத்தக அலமாரியை, வீட்டுக்கு வந்த ஆறுமுகநயினார் மாமாவிடம் காட்டி, "நம்ம வேலாயுதம் செஞ்சான்" என்று சொல்லிவிட்டார். வேலாயுதம் அவளுடைய அண்ணன். அந்த அலமாரிக்காக அவன் செய்த காரியம், பலகையின் ஒரு முனையை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை போன் வந்துவிட்டதென்று அதையும் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. மணி பத்தேகால். பன்னிரண்டு மணிக்கு மாமா மறுபடி வருகிறார், சும்மா இல்லை, அதே மாதிரி தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்று வேலாயுதத்திடம் சொல்ல, அளவு எழுதிய தாளும் கையுமாக வருகிறார். அதற்குள் இந்த இழுப்பறை ஓட வேண்டும். ஓட வேண்டுமென்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஓட வேண்டும், அது ஓடாமல் கீழே இறங்கிப்போய் எந்த வாதத்தையும் தொடங்க முடியாது என்று முப்பிடாதிக்குத் தோன்றிவிட்டது. அம்மாவுக்காகச் செய்கிற அடுக்களைப் பெட்டி. மேலே உட்கார்ந்துகொண்டு காய் நறுக்கலாம், அம்மாவுக்கு மூட்டு மடங்குவதில்லை. கீழே மூன்று இழுப்பறை. முதலாவது பருப்புப் பொட்டலங்களுக்கு, இரண்டாவது கரண்டி கத்திக்கு. மூன்றாவதுக்கு என்ன என்று அம்மா சொல்ல மறுத்துவிட்டாள். "ஏட்டி, ஒரு பொம்பளைக்கு எதுக்குன்னு சொல்லாத ஒரு டிராயர் இருக்கக்கூடாதா?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிஷத்திலிருந்து மூன்றாவது இழுப்பறையைத்தான் முப்பிடாதி உலகத்திலேயே முக்கியமான இழுப்பறையாக நினைத்து வேலை பார்த்தாள். அதுதான் இப்போது சிக்குகிறது. தள்ளினால் போகிறது. இழுத்தால் இரண்டு விரற்கடை வந்து, இதற்கு மேல் பேச்சில்லை என்று நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் விரலை வைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு வருகின்றன. ஒரே மரம், ஒரே அளவு, ஒரே கை. ஒரே வீட்டில் பிறந்தவையெல்லாம் ஒரே மாதிரியா இருக்கின்றன என்று நினைத்தாள், நினைத்ததும் அண்ணன் முகம் வந்தது, அண்ணன் முகம் வந்ததும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டாள். கோபத்தோடு இழைக்கக் கூடாது. அது அவளே பட்டுத் தெரிந்துகொண்டது. கீழே வைத்தாள். நடுவர் அவர்களே, என்று மனசுக்குள் எழுந்து நின்றாள், எதிரணித் தோழர்கள் கேட்கலாம், ஓர் அலமாரியை யார் செய்தால் என்ன, புத்தகம் கீழே விழாமல் நின்றால் போதாதா என்று. போதாது நடுவர் அவர்களே. புத்தகத்தில் மட்டும் எழுதியவர் பெயரை அட்டையிலேயே போடுகிறீர்களே, அது எதற்காம்? இந்த இடத்தில் கைதட்டல் வர வேண்டும். தகரத்திலிருந்து ராத்திரி மழையின் மிச்சம் ஒரு சொட்டு பிடரியில் விழுந்தது. ஐப்பசி மாசத்துச் சொட்டு, சில்லென்று முதுகெலும்பு வழியாக இறங்கிப் போனது, வாதம் கலைந்துவிட்டது, சிரிப்பு வந்துவிட்டது.

இழைத்தாள். இப்போது கோபம் இல்லை, இழைக்கலாம். இந்தப் பலகையெல்லாம் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் எடுத்த பழைய கதவுகள். மேலே கரிப்பிடித்து, பெயின்ட் மேல் பெயின்ட் அப்பி, பார்த்தால் யானைத் தோல் மாதிரி இருக்கும். இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் முதல் சுருள் கறுப்பாக வரும், இரண்டாவது சுருள் அழுக்குப் பச்சையாக, மூன்றாவது தள்ளில் திடீரென்று உள்ளேயிருந்து தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம். ஒவ்வொரு தடவையும் அதே மூன்றாவது தள்ளில்தான். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயிற்றுக்குள் ஏதோ துள்ளும். இத்தனை வருஷம் இதற்குள்ளேயா இருந்தாய் என்று மரத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றும், இரண்டொரு தடவை கேட்டும் இருக்கிறாள், கொடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அன்னத்தாய் அக்கா காதில் விழுந்துவிட்டது. "மரத்துகூடவா பேசுதே? ஏளா, இப்பிடி உளியும் கையுமா இருந்து கை காச்சுப்போச்சுன்னா ஒன்ன எவன் கட்டுவான்?" "கை காச்சவன் கட்டுவான் அக்கா." அக்கா துணியை உதறிக்கொண்டே சிரித்தாள், கவ்வியிருந்த கிளிப்பு வாயிலிருந்து கீழே விழுந்தது. ஆனால் மாடிப்படியில் நின்ற அப்பா சிரிக்கவில்லை. "சத்தம் போடாம சோலியப் பாரு" என்றார். அதுதான், அப்பாவுக்கு எதிராக அவள் கோத்துவைத்திருக்கிற ஏழு வாதத்தில் அதையேதான் முதல் ஆதாரமாக வைக்கப்போகிறாள். சத்தம் போடாமல். உளி சத்தம் போடாமல் எப்படி வேலை செய்யும்? சுத்தியல் கிசுகிசுக்குமா? சத்தம் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம், மகள் மரவேலை செய்கிறாள் என்று தெரு கேட்கக் கூடாது என்று அர்த்தம். ஆக உள்நோக்கம் முன்கூட்டியே இருந்திருக்கிறது. ஆக போன ஞாயிற்றுக்கிழமை சொன்னது வாய் தவறிச் சொன்னதல்ல. வாதம் ஒன்று முடிந்தது, வாதம் இரண்டு.

வாதம் இரண்டுக்குப் போக முடியவில்லை. அங்கே எப்போதும் ஒரு காப்பித் தட்டு வந்து குறுக்கே நிற்கிறது. ஏழு நாளாக இப்படித்தான். நூலகப் படிக்கட்டில், பஸ்ஸில், கோட்பாட்டு வகுப்பில், எங்கே தொடங்கினாலும் அப்பாவின் வாக்கியம் வரைக்கும் ஜோராகப் போகும், அதற்கடுத்து தட்டு. சரி, வரட்டும், இன்றைக்குப் பார்த்துவிடலாம். ஆறுமுகநயினார் மாமா அம்மாவுடைய அண்ணன். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே மூன்று கேள்வி கேட்பார். தண்ணி ஒழுங்கா வருதா, கரண்டு நிக்கா, பய என்ன செய்யான். முதல் இரண்டுக்கும் பதில் மாறும், மூன்றாவதுக்கு இந்த வீட்டில் மூன்று வருஷமாக ஒரே பதில், "பரீட்சை எழுதுதான்." அண்ணன் அரசாங்கப் பரீட்சை எழுதுகிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான், ஒரு தடவை அரை மதிப்பெண்ணில் போயிற்று, ஒரு தடவை வினாத்தாளே செல்லாது என்று போயிற்று. போன ஞாயிறும் மாமா தண்ணி கேட்டார், கரண்டு கேட்டார், "பய என்ன செய்யான் மாப்ளே?" என்றார், கேட்டுக்கொண்டே உட்கார இடம் தேடித் திரும்பியவர் அலமாரியைப் பார்த்துவிட்டார். கிட்டே போனார். மேல்தட்டின் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார். "இது ஏது? யாரு செஞ்சது?" முப்பிடாதி அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். வாயைத் திறந்தாள். அந்த வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாய் நிறைய முறுக்கு. "என்ன மரம் மருமவனே?" முறுக்கை விழுங்கிவிட்டு அண்ணன் சொன்னான், "நல்ல மரம் மாமா." "அதான் பாத்தாலே தெரியுதே" என்றார் மாமா, மேதை ஒருவனின் அடக்கத்தைப் பாராட்டுகிறவர் மாதிரி. நல்ல மரம். தேக்குக்கும் தீக்குச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவன். நிலைக்கால் இரண்டும் வேங்கை, தட்டெல்லாம் தேக்கு, முதுகுப் பலகை வேம்பு, அதில் கூட ஒன்று மட்டும் பூவரசு, ஏனென்றால் வேம்பு ஒரு சாண் குறைந்துபோயிற்று. இதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது, தட்டில் டம்ளர் கிணுகிணு என்று ஆடியது, அவள் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை. விடுதிப் பெண்கள் ஆறரை மணிக்குள் உள்ளே வர வேண்டும் என்ற விதியை எதிர்த்து, பதினான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், தாளைப் பார்க்காமல் இருபது நிமிஷம் பேசியவள், தன் வீட்டு ஹாலில் நான்கு பேருக்கு முன்னால், "மாமா காப்பி எடுத்துக்கோங்க" என்றாள்.

ஏன். அதுதான் சிக்குகிற இடம். இழுப்பறையை மறுபடி இழுத்துப் பார்த்தாள், இரண்டு விரற்கடை. பயமா? எதற்குப் பயம்? கொஞ்சம் பயம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும், நடுவர் போய்விட்டார், இனி நிஜத்தைப் பேசலாம். மாமா விளிம்பில் விரலை இழுத்தபோது அவள் முதுகில் யாரோ மயிலிறகால் தடவின மாதிரி இருந்தது. "பலகையும் பலகையும் சேருத எடத்துல நகம் போகலியே" என்றார், "கடையில வாங்குனா இப்பிடி நிக்காது" என்றார், குனிந்து கீழ்த்தட்டையும் பார்த்தார். கீழ்த்தட்டை யார் பார்ப்பார்கள்? அந்தப் புகழ்ச்சி முழுவதும் அண்ணன் பக்கம் திரும்பிச் சொல்லப்பட்டது, முழுவதையும் வாசலில் நின்ற இவள்தான் வாங்கிக் குடித்தாள். ஒரு சொட்டுகூட அண்ணனுக்குப் போகவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அதே விரல் அதே விளிம்பில் இன்னொரு தடவை போகும், இந்தத் தடவை தேடிக்கொண்டு போகும். ஆண்பிள்ளை செய்தான் என்றபோது தெரியாத இரண்டாம் தட்டு இடது மூலை தெரியும். அங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி, மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்திருக்கிறாள். "பரவால்லியே, பொம்பளப்பிள்ளைக்கு இவ்வளவு வந்ததே பெருசு" என்பார். அந்த "பரவால்லியே"யை நினைத்தால்தான் பயம். திட்டினால்கூட எதிர்த்துப் பேசலாம், "பரவால்லியே"யை என்ன செய்வது? அது முதுகைத் தட்டிக்கொடுத்து ஒரு படி கீழே இறக்கி உட்காரவைத்துவிடும். சரி, இது பயம். ஆனால் இது முழுக் காரணமில்லை. இது அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்த பயம். தட்டோடு நின்ற அந்த நிமிஷத்தில் இதெல்லாம் நினைக்க எங்கே நேரம் இருந்தது. அப்போது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எதை?

வேண்டாம், அதை இப்போது பார்க்க வேண்டாம். முதலில் செய்த முக்காலியை நினைத்துக்கொள்ளலாம். அதற்கு உண்மையில் நான்கு கால்; எந்த நேரத்திலும் தரையில் மூன்றுதான் நிற்கும் என்பதால் முக்காலி. ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தாள், இன்னொரு கால் தூக்கியது. அதை அறுத்தாள், முதல் கால் தூக்கியது. நாலு நாளில் முக்காலி மணைக்கட்டை உயரத்துக்கு வந்துவிட்டது, அம்மா அதை எடுத்துக்கொண்டுபோய் பால் சட்டி வைத்துக்கொண்டாள். புத்தகமெல்லாம் ஆப்பிள் பெட்டியில் கட்டிலுக்கடியில் கிடந்து கரையான் ஏறிய அன்று, ஒரு அலமாரி வேணும்ப்பா என்று கேட்டதற்கு அப்பா "பாப்போம்" என்றார். அந்த வீட்டில் "பாப்போம்" என்றால் பார்க்கமாட்டோம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்குத்தான் போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்தாள். ஏதோ ஒரு குளிர் தேசத்து ஆள், தாடிக்காரன், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின் வைத்திருந்தான். மரத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டுவான், வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வரும். அவள் வேங்கையில் அப்படித் தட்டினாள், உளி துள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. ஆணி அடித்தாள், கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றது. நம்ம ஊர் மரத்துக்கு யாரும் வீடியோ போடவில்லை. முதலில் ஓட்டை போட வேண்டும், ஓட்டையில் சோப்பைத் தேய்த்து ஸ்குரூவை இறக்க வேண்டும், ஆணியே வேண்டாமென்றால் ஒரு பலகையில் காடி எடுத்து மற்றப் பலகையை அதில் இறக்கிவிட வேண்டும். காடி என்றால் ஒன்றுமில்லை, பலகை வந்து உட்காருவதற்கு ஒரு பள்ளம். ஆனால் அந்தப் பள்ளம் ஒரு நூல் அதிகமானால் ஆடும், ஒரு நூல் குறைந்தால் ஏறாது. பதினோரு காடி கெட்டது. பன்னிரண்டாவது காடியில் பலகையை வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து குத்தினாள், "டொப்" என்று ஒரு சத்தம், பலகை போய் உட்கார்ந்துகொண்டது. அந்த "டொப்"பை எந்த விலைக்கும் விற்கமாட்டாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை, பலகையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள், டொப், டொப், கீழேயிருந்து அம்மா, "மேல என்னட்டி, தேங்காயா ஒடைக்கே?"

அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து இந்த வாரமெல்லாம் மாமா வேலாயுதத்துக்கு வாட்ஸப்பில் குரலாக அனுப்பிக்கொண்டிருந்தார். மருமவனே, தட்டு வளையாம இருக்க என்ன கனம் போட்டே? மருமவனே, கீல் வெளிய தெரியலியே, எப்பிடி? அதில் கீலே இல்லை, கதவே இல்லாத அலமாரி. கேள்வி கேட்கிற சந்தோஷத்தில் மாமாவுக்கு அது மறந்துவிட்டது. அண்ணன் போனைக் கொண்டுவந்து இவள் முன்னால் நீட்டுவான், பேசமாட்டான், இவள் பதில் சொல்வாள், அவன் அதை அப்படியே மாடியின் மறு ஓரத்துக்குப் போய் நின்று மாமாவுக்குச் சொல்வான். புதன்கிழமை மாமா கேட்டார், பழைய நாற்காலி ஒண்ணு கெடக்கு, ஒன் அலமாரி மாதிரி மினுங்க என்ன தேய்க்கணும்? முப்பிடாதிக்கு ஒரு நிமிஷம் பேய் பிடித்துவிட்டது. வேப்பெண்ணெய் தேய்க்கச் சொல்லலாம். மூன்று நாள் வெயிலில் வைக்கச் சொல்லலாம். மாமா வெள்ளை வேட்டியோடு உட்காருவார், எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்திருக்கும், அண்ணனின் கீர்த்தி அன்றோடு முடிந்தது. வாயைத் திறந்தாள். அந்த நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது. பார்த்தே இராத நாற்காலி, அது என்ன பாவம் செய்தது? "ஆளிவித எண்ணெய், துணியில தொட்டுத் தேய்க்கச் சொல்லு. காய்ஞ்சதும் இன்னொரு கை. அவசரப்படக் கூடாதுன்னு சொல்லு." சொல்லிவிட்டுத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள். மனுஷரிடம் எத்தனை வாதம் வேண்டுமானாலும் வளைத்துப் பேச முடிகிறது, மரத்தைப் பற்றி ஒரு பொய் சொல்ல வரவில்லை. ஆக இந்த வீட்டில் மரத்தைப் பற்றி வாய் கூசாமல் பொய் சொன்னது ஒரே ஒருவர்தான். வாதம் மூன்று.

இழுப்பறையை முழுக்க வெளியே உருவி எடுத்தாள். பெட்டியின் பின்பக்கம் போய்த் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மடியில் வைத்துக் கன்னத்தைப் பலகையில் ஒட்டினாள், குளிர்ந்தது, ஈரக் குளிர். இதுதானா? மற்ற இரண்டுக்கும் பக்கப்பலகை புரட்டாசி முடிவதற்குள் அறுத்துச் சேர்த்துவிட்டாள், எண்ணெயும் பூசியாயிற்று. இது மட்டும் எண்ணெய் பூசாமல் எட்டு நாள் கொட்டகையின் ஓரத்தில், சாரல் அடிக்கிற பக்கம் கிடந்தது. ஐப்பசி மழையைக் குடித்து ஊதியிருக்கிறது. அவள் அளவில் தப்பில்லை. அவளுடைய கையில் தப்பில்லை. வெயில் காலத்து அளவை மழைக்காலத்தில் வைத்துக்கொண்டு இது ஏன் ஓடவில்லை என்று பத்து மணியிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு நூல் போதும், இரண்டு பக்கமும் அரை அரை நூல். இழைத்தாள், சுருள் ஒன்று நீளமாக, அறுபடாமல், வெங்காயத் தோல் கனத்தில் மேலே மேலே சுருண்டு வந்து மணிக்கட்டில் வளையல் போல விழுந்தது. பிறகு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து ஓடுகிற விளிம்பு முழுக்கத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போது, எதையும் யோசிக்காமல் இருக்கும்போது, அது தானாக வந்தது. தட்டோடு நின்றபோது அவள் பார்த்தது அண்ணனின் முதுகை. மாமா திரும்பிப் பார்த்ததும் அந்த முதுகு நிமிர்ந்தது. மூன்று வருஷமாக யார் வந்தாலும் சோபாவுக்குள் புதைந்து, முட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற முதுகு, ஓர் எலும்பு, அடுத்த எலும்பு என்று நிமிர்ந்ததை அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு "அது அவன் செய்ததில்லை" என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் காப்பி எடுத்துக்கோங்க. இவ்வளவுதானா விஷயம்? ஏழு நாளாகத் தன்னைக் கோழை என்று திட்டிக்கொண்டிருந்தாளே. ஒரு பக்கம் நெஞ்சு லேசானது, மறுபக்கம் அதே வேகத்தில் கோபம் திரும்பி வந்தது. அவளாக விட்டுக்கொடுத்தால் அது அவள் இஷ்டம். ஆனால் அப்பா விட்டுக்கொடுக்கவில்லையே, எடுத்தல்லவா கொடுத்தார். பொம்பளப்பிள்ளை வேலைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று.

படியில் செருப்புச் சத்தம். அண்ணன். கையில் போன் இல்லை, அதுவே அதிசயம். கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்தான், தரையில் கிடந்த சுருளை எடுத்து நீட்டிப் பார்த்தான், அறுந்தது.

"ஏட்டி, மாமா வந்து அளவெடுக்கச் சொன்னா என்ன செய்யணும்?"

"டேப்ப எடுத்து அளக்கணும்."

"கிண்டல் பண்ணாத. எங்க தொடங்கி எங்க முடிக்கணும்னு ஒரு கூறு வேண்டாமா? நேத்து ராவுல சொப்பனம் வேற. மாமா வீட்டு ஹால்ல நான் ரம்பத்த வச்சிக்கிட்டு நிக்கேன், சுத்தி ஊரே ஒக்காந்து பாக்கு. அத்தை சொம்புல தண்ணி கொண்டாந்து, மொதல்ல எந்தப் பக்கம் அறுப்பே மருமவனேன்னு கேக்காவ."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டு, "நீயே செஞ்சு குடுத்துருவியான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றான். "படி ஏறி வரும்போது அதான் நெனச்சேன். இப்பம் அப்பிடிக் கேக்கப்போறதில்ல."

"ஏன்?"

"ஒன் மூஞ்சியப் பாத்தா ரம்பம் எம்பக்கம் வரும்போல இருக்கு." சுருளின் மற்றத் துண்டையும் கிள்ளிப் போட்டான். "அன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன். அப்புறம் ஏழு நாளா பரீட்சை ஹாலுக்குள்ள படிக்காமப் போய் ஒக்காந்த மாதிரி. அதாச்சும் பழகுன கஷ்டம், இது அதவிட மோசம். நீ சொல்லிரு. நான் சொல்லலாம்னா, அப்பா மூஞ்சி..."

"அப்பா மூஞ்சிக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லிரு."

அவள் இழுப்பறையைப் பெட்டியின் வாயில் வைத்தாள். தள்ளினாள், ஓசையே இல்லாமல் உள்ளே போயிற்று. ஒற்றை விரலைக் கொடுத்து இழுத்தாள், வந்தது, வந்துகொண்டே இருந்தது, நிற்காமல் முழுசாக வெளியே வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. "அடேயப்பா" என்றான் அண்ணன், உண்மையான பிரமிப்போடு, "நான் ஒரு தடவ." அவனிடம் கொடுத்தாள். அவன் தள்ளினான், இழுத்தான், தள்ளினான். இருபத்தேழு வயசுத் தடியன் தரையில் குந்திக்கொண்டு இழுப்பறை விளையாடினான். மேகம் விலகி வெயில் தகர ஓட்டை வழியாக நேரே பெட்டி மேல் விழுந்தது, தேக்கின் ரேகையெல்லாம் வாய்க்கால் மாதிரி ஓடியது, முப்பிடாதிக்கு அந்த நிமிஷம் யார் பெயரும் வேண்டியிருக்கவில்லை, தன் பெயர்கூட. ஒரு நிமிஷம்தான். தெருவில் மாமாவின் ஸ்கூட்டர் இருமிக்கொண்டு நின்றது, அத்தோடு பெயர் திரும்ப வேண்டியிருந்தது.

இருவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கினார்கள். இறங்கும்போது ஏழு வாதத்தையும் ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள், நான்காவது படியில் வாதம் ஐந்து காணாமல் போயிற்று, ஏழாவது படியில் மூன்றும் போயிற்று, போகட்டும், முதல் வாக்கியம் இருந்தால் மற்றது வரும். ஹாலில் மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தண்ணி கேட்டாயிற்று, கரண்டு கேட்டாயிற்று. மூன்றாவது கேள்வியை இந்தத் தடவை கேட்கவில்லை. "மருமவனே, வா வா" என்று தாளை விரித்தார். அத்தை கைப்பட எழுதியது, நாலு தட்டு, ரெண்டு கதவு, மேலே சாமி படத்துக்குத் தனியாக ஒரு மாடம். அப்புறம்தான் அவர் கண் முப்பிடாதி மேல் பட்டது. தலையெல்லாம் மரத்தூள், மணிக்கட்டில் இன்னும் அந்தச் சுருள். "என்ன மருமவளே, அண்ணனுக்கு எடுபிடியா?" அடுக்களை வாசலில் அம்மா தட்டோடு வந்து நின்றாள், டம்ளர் ஆடவில்லை. அப்பா நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்தபடி இருந்தார், படிக்கவில்லை. முப்பிடாதி பெட்டியைத் தரையில் வைத்தாள், பதமாக, கால் நான்கும் ஒரே நேரத்தில் தரையைத் தொட.

"இல்ல மாமா. இதுவும் நான் செஞ்சது, அந்த அலமாரியும் நான் செஞ்சது. அறுத்தது, இழைச்சது, பூட்டுனது எல்லாம் நான்தான். ரெண்டாந்தட்டுல எடது மூலையில ஒரு சந்து இருக்கு, தூள் வச்சு அடச்சிருக்கேன், அதுவும் நான்தான். ஒங்களுக்கு வேணும்னா நான் வந்து அளவெடுக்கேன். ஆனா நான் செஞ்சேன்னு சொல்லித்தான் ஒங்க வீட்டுல வைக்கணும்."

மாமா சிரிக்கத் தொடங்கினார், விளையாட்டு என்று. யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். அண்ணனைப் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றான் அண்ணன், இறக்கிவைத்த மூட்டையைப் பார்க்கிற சுமைக்காரன் முகத்தோடு. "நான் புடிச்சிக்கிட்டுதான் நின்னேன். அதுவும் சரியாப் புடிக்கல."

மாமா எழுந்து அலமாரிக்குப் போனார். முப்பிடாதி அவர் விரலையே பார்த்தாள். இரண்டாம் தட்டு, இடது மூலை. விரலை வைத்தார், நகத்தால் கீறினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். வரப்போகிறது, இப்போது வரப்போகிறது, அந்தப் "பரவால்லியே". "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் மாமா. "மாடம் மட்டும் ஆணி இல்லாம செய்யி மருமவளே, சாமி சமாச்சாரம்." தாளை அவள் கையில் கொடுத்தார். இவ்வளவுதான். கைதட்டல் இல்லை, நடுவர் இல்லை, இவ்வளவு சின்னதாகவா இது முடியும்? காலில் சிறகு முளைத்த மாதிரியும் இருந்தது, ஏறிவந்த படியில் கடைசிப் படி இல்லாமல் கால் தடுமாறின மாதிரியும் இருந்தது. ஆனால் முடியவில்லை. மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். "அது சரி மாப்ளே. அன்னைக்கு நீங்க ஏன் அப்பிடிச் சொன்னிய?"

இதோ. இதற்குத்தான் ஏழு வாதம். பிள்ள வளந்தாச்சு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, கல்யாணம் காச்சி. அப்பா எதைச் சொன்னாலும் அதற்கு அவளிடம் பதில் இருந்தது, பதிலுக்குப் பதிலும் இருந்தது, காணாமல் போன மூன்றும் ஐந்தும்கூடத் திரும்பி வந்து வரிசையில் நின்றன. அப்பா செய்தித்தாளை மடித்தார். நாலாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் மடியில் வைத்தார். அவர் மாமாவைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார், பிறகு அவளை.

"நீங்க அன்னைக்கும் பய என்ன செய்யான்னு கேட்டிய அத்தான். மூணு வருசமா சொன்னதையே சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. இவகிட்ட நெறைய இருந்துச்சு, அதுல ஒண்ண எடுத்து அவனுக்குக் குடுத்துட்டேன். இவகிட்ட கேட்டுட்டு எடுத்திருக்கணும்."